சலேத்தின் வீடு கடலுக்குப் போன கதை

சலேத்தின் வீடு முதல் தடவையாகக் கடலுக்குப் போனபோது அடுப்பில் சாளைமீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, பின்பக்கக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, வாசற்படியில் பக்கத்து வீட்டுக் காஸ்பரின் சிவப்புக் கோழி நின்று தவிடு கொத்திக்கொண்டிருந்தது, குழம்பும் துணியும் கோழியும் வீட்டோடு சேர்ந்தே போயின. பந்தியில் வயிறாரச் சாப்பிட்ட பெரிய மனிதர் இடுப்பில் கைவைத்து எழுந்திருப்பதுபோல வீடு மெல்ல எழுந்தது, சந்தியாகப்பர் கோயிலைச் சுற்றிக்கொண்டு, மீன் ஏலம் போடுகிற மணல்மேட்டைத் தாண்டி, காயப்போட்டிருந்த வலைகளை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்து, தண்ணீரில் இறங்கியது. மீன்காரப் பெண்கள் கூடைகளை ஓரமாக இழுத்துக்கொண்டு வழிவிட்டார்கள்.

"ஏ சலேத்து, அடுப்ப அணைச்சிட்டுப் போட்டி, வெளிய காத்து கெடக்கு" என்று ஒருத்தி கத்தினாள்.

பவளந்துறையில் அவ்வளவுதான் சொன்னார்கள்.

நடந்தது இதுதான். அந்த வருஷம் மீன்துறையிலிருந்து ஊரிலுள்ள மீன்பிடி வள்ளங்களுக்கெல்லாம் ஒரு மைக்கும் ஒரு பெட்டியும் கொடுத்திருந்தார்கள். மைக் என்றால் கடலில் வள்ளத்துக்கு வள்ளம் பேசிக்கொள்கிற ரேடியோ. பெட்டி என்றால் ஆரஞ்சு நிறத்தில், சாப்பாட்டுத் தூக்கு அளவில், உச்சியில் சிவப்புப் பொத்தான் வைத்தது. நடுக்கடலில் உயிருக்கு ஆபத்து வந்தால் அந்தப் பொத்தானை அழுத்தவேண்டும், வானத்தில் சுற்றுகிற ஒன்று அதைக் கேட்டுக் கரைக்குச் சொல்லும், கரையிலிருந்து ஆள் வரும். கொண்டுவந்து கொடுத்தவர்கள் இதை மூன்று தடவை சொல்லிக்காட்டினார்கள், ஊர் ஆண்கள் மூன்று தடவையும் தலையாட்டினார்கள், அப்புறம் அத்தனை பேரும் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இவ்வளவு நல்ல பொருளை உப்புத் தண்ணீரில் போட்டுக் கெடுக்க யாருக்கு மனசு வரும்? ஒருவர் அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூப் போட்டார். ஒருவர் ஞானஸ்நானப் போட்டோக்களுக்கு நடுவே கண்ணாடி அலமாரியில் வைத்தார். சலேத்தின் புருஷன் தொபியாஸ் அதை அவளுடைய கல்யாணப் பட்டில் சுற்றி இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டி, "கடலுக்குக் கொண்டுபோனா கடலோட போயிரும். இங்கனதான் பத்திரம்" என்றான்.

மைக்கை மட்டும் வள்ளத்தில் மாட்டினார்கள், பொய் சொல்ல அது வசதியாக இருந்தது.

கடலில் பொய் சொல்வது பவளந்துறையில் பாவத்தில் சேராது. எந்தப் பாரில், அதாவது எந்தக் கடலடிப் பாறைத் திட்டில், மீன் கிடக்கிறது என்று உண்மையைச் சொன்னால் ஊர் வள்ளம் எல்லாம் வந்து வலையிறக்கும். அதனால் வடக்கே நிற்பவன் தெற்கே நிற்பதாகச் சொல்வான், வள்ளம் நிறைய அள்ளியவன் செதில்கூடக் கிடைக்கவில்லை என்பான், கேட்பவனும் அதற்கேற்ற பொய்யைத் திருப்பிச் சொல்வான், இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் இருக்காது. ஆனால் தொபியாஸ் அந்தப் பழக்கத்தைக் கரையேறும்போது உதறிவிட்டு வரவில்லை. சாப்பிட்டீரா என்றால் சாப்பிட்டுக்கொண்டே இல்லை என்பான். எங்கே போகிறீர் என்றால் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு முடிவெட்டப் போவான்.

அன்று காலையில் அவன் கிளம்பும்போது, "எந்தப் பக்கம் போறீரு? ஒண்ணு ஆச்சுன்னா எங்க தேடணும்னாவது தெரியணும்லா" என்று சலேத் கேட்டாள்.

"தெக்க" என்றான்.

"நேத்தும் தெக்கன்னுதான் சொன்னீரு. கால்ல வடக்குப் பார்ச் சேறு ஒட்டியிருந்துச்சே?"

"தெக்கயும் சேறு உண்டு" என்று சொல்லிவிட்டுச் சோற்றுத் தூக்கைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

குழம்பைக் கூட்டி வைத்துவிட்டு, துவைத்த துணியை அடுக்கப் பீரோவைத் திறந்த சலேத்துக்குக் கண்ணில் பெட்டி பட்டது. ஆபத்தில் இருப்பவர் அழுத்தவேண்டும் என்றுதானே சொன்னார்கள், இந்த வீட்டில் ஆபத்தில் இருப்பது யார் என்று யோசித்தாள். அழுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. மீட்பு மையத்திலிருந்து ஒருவர் பதற்றமாகப் பேசினார்.

"அம்மா, தொபியாஸ் வள்ளத்தோட பெட்டியிலேருந்து ஆபத்துன்னு சிக்னல் வருது. ஆனா இடம் ஊருக்குள்ள காட்டுதே?"

"ஆமாய்யா, பீரோவுக்குள்ள இருக்கு."

"வள்ளமா?"

"பெட்டிய்யா."

"அப்ப யாருக்கும்மா ஆபத்து?"

"எனக்குத்தான். கட்டுன நாள்லேருந்து ஒரு நாளாவது இந்த மனுசன் உண்மை பேசியிருப்பாரான்னு கேளுங்க."

அவரும் கல்யாணமானவராக இருந்திருக்கவேண்டும். மிகவும் பணிவாக, "அதுக்கெல்லாம் நாங்க கப்பல் அனுப்ப முடியாதும்மா, பெட்டிய அணைச்சிருங்க" என்றார்.

சலேத் அணைக்கப் பார்த்தாள். பெட்டி அணையவில்லை. அது கடலுக்கென்று செய்த பொருள். தான் கடலில் இல்லை என்றால் தப்பு தன்மேல் இருக்க முடியாது, வீட்டின்மேல்தான் இருக்கவேண்டும் என்று அதற்குத் தோன்றியிருக்கலாம். வீடு எழுந்தது. இதற்குமேல் காரணம் யாருக்கும் தெரியவில்லை, யாரும் தேடவும் இல்லை.

வீடு அலைதாண்டி மிதந்தது, ஆழம் தொடங்குகிற நீலத்தண்ணி வரைக்கும் போனது, ஒரு சுற்றுச் சுற்றியது, பொழுது சாய்வதற்குள் போன வழியே திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. வந்து உட்கார்ந்ததும்தான் சண்டை தொடங்கியது.

"ஏ தங்கச்சி" என்று வேலியோரம் வந்து நின்றார் காஸ்பர். "உன் வீடு கடலுக்குப் போகட்டும், கொழும்புக்கே போகட்டும், எனக்கென்ன? வந்து உக்காரும்போது எம் எல்லைக்குள்ள ஒரு சாண் ஏறி உக்காந்திருக்கு பாத்தியா?"

"நாளைக்கு வரும்போது தள்ளி உக்காரச் சொல்லுதேன் அண்ணே."

"எங்கோழி?"

"இந்தா நிக்கி. முட்டைகூடப் போட்டிருக்கு. கடல்ல போகும்போதுதான் போட்டுச்சு."

காஸ்பர் கையை நீட்டினார். சலேத் கொடுக்கவில்லை. கடலில் கிடைத்தது வள்ளத்துக்காரருக்குச் சொந்தம், கரையில் கிடைத்ததுதான் கோழிக்காரருக்குச் சொந்தம் என்றாள். ஆகவே ஊர்க் கமிட்டி கூடியது. வீடு கடலுக்குப் போனதைப் பற்றி அல்ல, முட்டையைப் பற்றி. கமிட்டித் தலைவர் லெயோன் இரண்டு பக்கத்தையும் கேட்டு, வெகுநேரம் யோசித்து, முட்டையைக் கோயிலுக்குக் காணிக்கையாக்கினார்.

மறுநாளும் வீடு போனது. அதற்கடுத்த நாளும் போனது. அப்போதுதான் ஒவ்வொரு கேள்வியாக எழும்பியது. ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகக்கூடாது என்பது ஊர்க்கட்டு, அது வீட்டுக்கும் உண்டா? உண்டு என்றார்கள், வீடும் சம்மதித்து ஞாயிறு முழுக்க அசையாமல் கிடந்தது. பெண்கள் வள்ளத்தில் கால் வைக்கக்கூடாது என்பதும் ஊர்க்கட்டு, அப்படியானால் சலேத் செய்வது சரியா? இதைப் பங்குச்சாமியிடம் கொண்டுபோனார்கள். சாமியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பொம்பள வீட்டுக்குள்ள இருக்கணும்னு சொன்னது நீங்கதானே? அவ இருக்கா. வீடு எங்க இருக்குங்கிறது அவ தப்பில்ல" என்று சொல்லிவிட்டார்.

பிறகு மீன்துறை அதிகாரி ஒருவர் வந்தார். வீட்டை முன்னும் பின்னும் நடந்து பார்த்தார், கடலில் போகிற எதற்கும் பதிவு எண் வேண்டும் என்றார், தலைவாசலுக்கு மேலே சலேத் வீட்டுப் பேராக எழுதி வைத்திருந்த 'சலேத் மாதா இல்லம்' என்பதற்குக் கீழே பெரிய எழுத்தில் எண் எழுதவைத்தார். ஆளுக்கொரு மிதவைச் சட்டை கொடுத்தார். கோழிக்கும் ஒன்று வேண்டுமா என்று காஸ்பர் கேட்டதற்கு மட்டும் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கடைசியாக, மைக் இல்லாமல் கடலுக்குப் போகக்கூடாது என்று அடுக்களையில் மிக்சிக்குப் பக்கத்தில் ஒரு மைக்கை மாட்டிவிட்டுப் போனார்.

ஊர் ஆண்களுக்குக் கெட்ட காலம் அந்த மைக்கிலிருந்து தொடங்கியது.

மீன் விற்று முடித்த பெண்கள் இப்போது வெற்றிலைப் பெட்டியும் பின்னல் வேலையுமாகச் சலேத்தின் வீட்டில் ஏறிக்கொண்டார்கள். வீடு போனது, ஜன்னலுக்கு ஜன்னல் பெண்கள் போனார்கள், மைக் பேசியது.

"காஸ்பர் மச்சான், எங்க நிக்கிறீரு?" என்று வேறொரு வள்ளத்திலிருந்து ஒருவன் கேட்டான்.

"தெக்க, ரொம்பத் தெக்க. தண்ணியும் வானமுந்தான் தெரியுது மாப்ள. ஒரு மீனில்ல."

காஸ்பரின் மனைவி பெனடிக்டா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். காஸ்பரின் வள்ளம் எதிரிலேயே, குரல் கொடுத்தால் கேட்கிற தூரத்தில், வடக்கே நின்றது. மீன் பாரத்தில் பக்கவாட்டுப் பலகை தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பெனடிக்டா மைக்கை எடுத்தாள். "ஏங்க, தண்ணியும் வானமுந்தான் தெரியுதா? உம்ம பொண்டாட்டி தெரியலையா?"

காஸ்பர் மைக்கை அணைத்து, வலையால் மூடிவைத்தார்.

இப்படி ஒவ்வொருவராக அகப்பட்டார்கள். கடலில் யார் எங்கே நிற்கிறார், எவ்வளவு அள்ளினார் என்பதெல்லாம் வள்ளம் கரை சேருமுன்பே கரைக்குத் தெரிந்தது. ஆண்கள் தொபியாஸைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏல, உன் பொண்டாட்டியத்தான் கட்டுப்படுத்த முடியல, வீட்டையாவது கட்டிப்போடக் கூடாதா?" என்றார்கள். அவனுக்கும் ஆத்திரம் இருந்தது. பல நாள் அவன் களைத்துக் கரையேறி வரும்போது வீடு திரும்பியிருக்காது. கையில் தொங்கும் மீனோடு வெறும் மணலில், தன் கட்டில் இருந்த இடம் என்று குத்துமதிப்பாகத் தெரிகிற இடத்தில், குத்தவைத்து உட்கார்ந்திருப்பான். போகிறவர்கள், "கதவத் தட்டிப் பாரும்வே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஆகவே ஒரு நாள் காலையில் தொபியாஸ் தன் வள்ளத்து நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். கயிற்றை வீட்டைச் சுற்றி நாலு சுற்றுச் சுற்றினான், நங்கூரத்தைக் காஸ்பரின் எல்லைப் புளியமரத்து வேரில் ஆழ மாட்டினான்.

"நங்கூரத்த இங்க போட்டுட்டு வள்ளத்துக்கு என்ன செய்வீரு?" என்று கேட்டாள் சலேத்.

"வேற இருக்கு." வேறு இல்லை.

"சரி. இந்தப் பெட்டியையாவது கையோட கொண்டுபோம்."

"அது இங்கனதான் பத்திரம்."

"எந்தப் பக்கம் போறீரு?"

"தெக்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீடு கட்டப்பட்ட மாடுபோல உடம்பை முறுக்கியது, ஓடுகள் கலகலத்தன, பிறகு அடங்கியது. பெண்கள் வழக்கம்போல வந்து, கரையில் நின்ற வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து மைக் கேட்டார்கள். காஸ்பர் மட்டும் அன்று கடலுக்குப் போகவில்லை. எல்லை மரத்தில் அடுத்த வீட்டு நங்கூரம் கிடந்தால் நாளைக்கு மரமே அவர்களுடையது என்பார்கள் என்று மரத்தடியில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார்.

உச்சிப் பொழுதுக்கு முன்பே கச்சான் என்கிற மேற்குக் காற்று எழும்பியது. தென்னைகள் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்தன. அடுக்களையில் மைக் கரகரத்தது.

"தொபியாஸ் பேசுதேன். மோட்டார் நின்னுபோச்சு. கொஞ்சம் தண்ணி ஏறுது. பயப்பட ஒண்ணுமில்ல, யாராவது பக்கத்துல இருந்தா வாங்க."

"எங்க நிக்க?" என்று லெயோனின் குரல் கேட்டது.

தொபியாஸின் மைக் மறுபடி கரகரத்தது.

"தெக்க. முனைக்கு நேர் தெக்க."

ஊர் வள்ளம் அத்தனையும் தெற்கே திரும்பியது. ஆபத்தில் யாராவது பொய் சொல்வார்களா? தேடினார்கள், முனையைச் சுற்றினார்கள், இங்கே ஒரு கட்டைகூட இல்லையே என்று மைக்கில் கத்தினார்கள். "இன்னுங் கொஞ்சம் தெக்க" என்றான் தொபியாஸ். குரலுக்குப் பின்னால் தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது.

"ஏட்டி சலேத்து" என்றாள் பெனடிக்டா. "சாகப்போற நேரத்துலயுமா பொய் சொல்லுவாரு?"

"வேணும்னு சொல்லல மைனி. அவரு வாய் அவருக்கு முந்திப் போயிரும். அப்புறம் திருப்ப வெக்கம்." சலேத் மைக்கை இறுகப் பிடித்தாள். "இந்தாரும், நாந்தான். மீன் கிடக்கா அங்க?"

"ஒண்ணுமில்ல. ஒரு செதிலில்ல."

"அப்ப வள்ளம் நிறைய இருக்கு" என்று பெனடிக்டாவிடம் சொன்னாள். "அலை பெருசா?"

"சின்னதுதான்."

சலேத் எழுந்துவிட்டாள். தெற்கு என்றால் வடக்கு, மீனில்லை என்றால் மீன் குவிந்து கிடக்கிற அந்தச் சேற்றுப் பார், அலை சின்னது என்றால் நேரம் இல்லை. பெட்டியை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். வீடு எழும்பப் பார்த்தது. நாலு சுற்றுக் கயிறும் இறுகி, சுவரில் விரிசல் விட்டது. அவள் அரிவாள்மணையோடு வெளியே ஓடினாள்.

மரத்தடியில் காஸ்பர் வெட்டுக்கத்தியோடு ஏற்கெனவே நின்றிருந்தார்.

"தள்ளு தங்கச்சி. எம் எல்லையில கெடக்கிற கயித்த நாந்தான் அறுப்பேன், இன்னொருத்தி கைய வைக்கக்கூடாது" என்று ஒரே வெட்டில் அறுத்தார். அறுத்துவிட்டு நங்கூரத்தையும் தூக்கிக்கொண்டு, "அங்க போயி ஒரு ஆம்பள கை வேணுமில்ல" என்று முணுமுணுத்தபடி வீட்டில் ஏறினார். கோழியும் ஏறியது.

அன்று வீடு ஒதுங்கி ஒதுங்கி நடக்கவில்லை. வலைகளை மிதித்துக்கொண்டு, ஏலமேட்டைக் கலைத்துக்கொண்டு, படபடவென்று அடிக்கும் கதவுகளைத் துடுப்பாகப் போட்டுக்கொண்டு வடக்கே ஓடியது. பெண்கள் ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஜெபமாலை சொன்னார்கள். சந்தியாகப்பர் கோபுரம் சின்னதானது, விரலளவானது, ஊசியளவானது, மறைந்தது.

அப்போது வள்ளம் தெரிந்தது. விளமீன் குவியலின்மேல் தொபியாஸ் இடுப்பளவு தண்ணீரில் நின்று வாளியால் இறைத்துக்கொண்டிருந்தான். ஒரு மீனைக்கூட அவன் கடலில் தள்ளியிருக்கவில்லை. நங்கூரம் இல்லாத வள்ளத்தைக் காற்று எப்போதோ கொண்டுபோயிருக்கும், கீழே பாரில் சிக்கிய வலைதான் பிடித்து நிறுத்தியிருந்தது. அந்த வலையும் இழை இழையாக அறுந்துகொண்டிருந்தது.

தன் வீட்டு வாசல் அலைமேல் ஏறி வருவதை அவன் பார்த்தான். ஆனால் வீடு அவனை நெருங்கவில்லை. கயிறு எறிந்தால் எட்டாத தூரத்தில் நின்றது. காஸ்பரும் பெண்களும் சுவரை எவ்வளவு தள்ளியும் நகரவில்லை. சலேத் தலைவாசலில் நின்றாள், மைக் அவள் கையில் இருந்தது.

"எங்க நிக்கிறீரு?" என்று கேட்டாள்.

"ஏட்டி, பாத்துக்கிட்டுத்தானே இருக்க!"

"நான் பாக்கேன். வீட்டுக்குச் சொல்லும். அதுக்குப் பொய் கேட்டுக் கேட்டுக் காது அடைச்சிப்போச்சு."

"எல்லாவனும் கேப்பானே!"

"கேக்கட்டும்."

வலையில் இன்னொரு இழை அறுந்தது. வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது. தொபியாஸ் மைக்கை வாயருகே கொண்டுபோனான், எடுத்தான், மறுபடி கொண்டுபோனான்.

"வடக்க" என்றான், முதல் தடவையாக. "ரொம்ப வடக்க, சேத்துக்கு அந்தப் பக்கம். நானா கண்டுபிடிச்ச பார். மீன் கொட்டிக் கெடக்கு." மூச்சு வாங்கினான். "சலேத் பார்னு பேர் வச்சிருக்கேன்."

தெற்கே நின்ற வள்ளங்கள் எல்லாம் கேட்டன. ஏலமேட்டில் கையடக்க மைக் வைத்திருந்தவர்கள் கேட்டார்கள். பெண்கள் ஜெபமாலையை நிறுத்தினார்கள்.

"ஏன் எம்பேரு?" என்று கேட்டாள் சலேத். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"மேல பாத்தா ஒண்ணுந் தெரியாது, சாந்தமா இருக்கும். கீழ வலைய விட்டா கிழிச்சிரும்." பிறகு யோசித்து, உண்மை பேசுகிற நாள் என்பதால், "பிடிச்சா விடாது" என்றும் சேர்த்துக்கொண்டான்.

வீடு நகர்ந்தது. காஸ்பர் நங்கூரக் கயிற்றைச் சுழற்றி எறிந்தார். வலையின் கடைசி இழை அறுந்தபோது தொபியாஸ் கயிற்றில் இருந்தான், வள்ளம் வீட்டின் பின்கொடியில் துணிகளோடு துணியாகக் கட்டப்பட்டிருந்தது. உப்பு வழிய, செதில் ஒட்ட, உயிர் பிழைத்தவன் நடுக்கடலில் தன் வாசற்படியைத் தொட்டு ஏறக் காலைத் தூக்கினான்.

"காலைக் கழுவிட்டு வாரும்" என்றாள் சலேத்.

கழுவிவிட்டு வந்தான்.

அதற்கப்புறம் பவளந்துறையில் பெட்டிகள் பீரோவை விட்டும், கண்ணாடி அலமாரியை விட்டும், மாதா படத்தடியை விட்டும் இறங்கி வள்ளங்களுக்குப் போயின. வீடு தேடி வந்தால் எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருக்கும் என்று ஆண்களுக்குப் பயம். சலேத் பாருக்கும் ஊரே போய் வலை கிழித்துக்கொண்டது. தொபியாஸும் தன் பெட்டியைப் பட்டுச்சேலையிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டான். பெட்டி போனபின் வீடு கடலுக்குப் போவதில்லை. காஸ்பரின் எல்லையில் ஒரு சாண் ஏறியபடியே உட்கார்ந்துவிட்டது, அதற்காக அவர் தினமும் காலையில் வேலியோரம் வந்து கத்துவார்.

ஒரு நாள் கிளம்பும்போது தொபியாஸ் வாசலில் தயங்கி நின்றான். பிறகு குனிந்து சலேத்தின் காதில் எதையோ சொல்லிவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் அடுக்களை மைக்கில் அவன் குரல் வந்தது.

"தெக்க போறேன். பெருசா மீன் இருக்காது."

சலேத் மைக்கை எடுத்தாள். "ஆமா, தெக்கதான் போறாரு. எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரு" என்றாள்.

அவள் சொன்னால் உண்மைதான் என்று ஊர் வள்ளங்கள் தெற்கே போயின. வீடு மட்டும் பொறுக்கமாட்டாமல் ஒருமுறை நெளிந்து, வாசலை ஒரு சாண் வடக்கே திருப்பிக்கொண்டு உட்கார்ந்தது.

எல்லையைப் பற்றிக் கத்த வந்த காஸ்பர் அதைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார், வாசல் பார்க்கிற திசையைப் பார்த்தார். வாய் திறக்காமல் திரும்பி, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, தன் வள்ளத்தை வடக்கே தள்ளினார்.